கேமரன் மலையில் ஒரு கான்ஸ்டான்டிநோபிள் காசு

கேமரன் மலைக்கு நான் முதன்முதலாகப் போனது குளிருக்காகவோ தேயிலைக்காகவோ அல்ல. ஒரு செப்புக் காசைப் பார்க்கப் போனேன். அந்தக் காசு என் நண்பனிடம் இருந்தது, என்னிடம் இல்லை. பயணத்தின் காரணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போனது மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய நாலாவது வருடம், ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில். பிரிட்டிஷ் அரசுக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது, ஈப்போவில் ஒரு பள்ளியில் இளநிலை ஆசிரியர். இப்போது எண்பத்திரண்டு. நேரம், தூரம், கட்டணம் எல்லாம் அன்றே ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதிவைத்தேன். கீழே உள்ள கணக்குகள் அதிலிருந்து எடுத்தவை. உணர்ச்சிகளை நோட்டில் எழுதவில்லை, அவை நினைவிலிருந்து வருகின்றன. அவற்றில் பிழை இருக்கலாம்.

முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயணம் புரியாது. கி.பி. 330இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டான்டைன் தன் தலைநகரை ரோமிலிருந்து கிழக்கே மாற்றினார். புது நகரத்துக்குத் தன் பெயரையே வைத்தார். அதைக் கொண்டாட இரண்டு வகைச் சிறு செப்புக் காசுகள் அடித்தார்கள். ஒன்று பழைய ரோமுக்கு: பின்புறத்தில் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும். மற்றது கான்ஸ்டான்டிநோபிளுக்கு: முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணின் முகம், அவள்தான் அந்த நகரம். பின்புறத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை, கப்பலின் முனையில் ஈட்டியும் கேடயமுமாக நிற்பாள். கப்பலுக்குக் கீழே மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதை அவைதான் சொல்லும். அளவு, அப்போதைய மலாயா ஐந்து காசைவிட ஒரு நூல் பெரிது.

ஓநாய்க் காசு என்னிடம் இருந்தது. லண்டன் வியாபாரி ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஏழு மாதம் காத்திருந்து வாங்கியது. தச்சர் ஒருவரிடம் சொல்லி, காசு உட்காரும் அளவுக்கு வட்ட வட்டமாகக் குழி வெட்டிய மரத்தட்டு ஒன்று செய்து வைத்திருந்தேன். ஓநாய்க்குப் பக்கத்துக் குழி காலி. அதற்குச் சீட்டுகூட எழுதி ஒட்டியாகிவிட்டது: 'கான்ஸ்டான்டிநோபிள் நினைவுக் காசு. அடித்த ஊர்:' என்று. ஊர்ப் பெயருக்கு இடம் விட்டிருந்தேன். சீட்டு தயார், காசுதான் இல்லை.

இந்த நிலையில் தங்கவேலுவிடமிருந்து கடிதம் வந்தது. அவனும் நானும் ஈப்போவில் ஒரே வகுப்பு. பள்ளி முடித்ததும் அவன் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராகப் போய்விட்டான். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். அவன் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். காசு சேர்க்கும் பழக்கம் அவனுக்கு என்னிடமிருந்து தொற்றியது. ஆனால் புத்தகம் படிக்கமாட்டான், பட்டியல் போடமாட்டான். வெறுமனே இருப்பான், காசு அவனைத் தேடி வரும். 'நீ தேடுற கப்பல் காசு என்கிட்ட இருக்கு. வந்து பார்' என்று எழுதியிருந்தான். கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது, அது போலிக் காசாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

வியாழக்கிழமை காலை 6.40க்கு ஈப்போவிலிருந்து பஸ். தாப்பா முப்பத்தைந்து மைல், கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர், நாற்பது காசு. 8.25க்கு இறங்கினேன். மலைமேல் தனி வண்டி எதுவும் போக முடியாத காலம். தாப்பாவில் எல்லா வண்டிகளும் கூடி, முன்னாலும் பின்னாலும் போலீஸ் கவச வண்டியோடு வரிசையாகப் போகும். அன்றைய வரிசை பத்து மணிக்குப் புறப்படும் என்றார்கள். இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, கடைத்தெருவில் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடையில் டின் பால் ஒன்று கேட்டேன்.

"தம்பி மேல போறியளா?"

"ஆமாம்."

"அப்ப முழு டின்னு தர முடியாது. ஓட்டை போட்டுத்தான் தரணும். சட்டம்."

"ஓட்டை போட்டால் வழியுமே."

"வழியத்தான் செய்யும். காட்டுல இருக்கவன் கைக்குப் போயி சேந்தாலும் வச்சித் திங்கக் கூடாதுன்னுதானே போடுறது. நீங்க வேணா நக்கிக்கிட்டே போங்க."

சொல்லிக்கொண்டே ஆணியால் இரண்டு குத்து குத்தினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குத்திய பிறகு எப்படிச் சொல்வது என்று வாங்கிக்கொண்டேன். முப்பது மைலும் அந்த டின்னை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு போனேன். அந்தப் பாதையின் புகழ்பெற்ற காட்சிகளைப் பற்றி நான் அதிகம் எழுதாததற்கு அந்த டின் ஒரு காரணம்.

வரிசையில் பதினொரு வண்டிகள். எங்கள் பஸ் ஏழாவது. ரிங்லெட்வரை கட்டணம் ஒரு வெள்ளி அறுபது. வளைவுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன், நூற்று எண்பதுக்குமேல் தலை சுற்றியது, விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் காடு. மூங்கில் சரிந்து கிடக்கும் இடங்களில் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பத்தாவது மைல் தாண்டியதும் காற்று மாறியது. இருபதாவது மைலில் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டேன்.

ரிங்லெட்டில் 12.20க்குச் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பையைக் கொட்டச் சொன்னார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பில், என்னிடம் இரட்டையாக இருந்த மூன்று ரோமக் காசுகளை ஒரு சிகரெட் டின்னில் பஞ்சு வைத்துக் கொண்டுபோயிருந்தேன். மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் அதைத் திறந்து, இது என்ன என்றார். "டுயிட் லாமா," என்றேன். பழைய காசு. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதற்கு ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்தார். பால் டின்னில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்தார்.

தங்கவேலு எஸ்டேட் லாரியோடு வந்து நின்றிருந்தான்.

"என்னா வாத்தியாரே, உசுரோட வந்துட்டியா? நீ தாப்பாவிலயே திரும்பிருவேன்னு வீட்டுல பாக்கியத்துக்கிட்ட பந்தயம் கட்டுனேன் லா. தோத்துட்டேன்."

"காசு எங்கே?" என்றேன். நலம் விசாரிக்கக்கூட மறந்துபோனது.

"வீட்டுல இருக்கு. ஓடியா போவும்? ஏறு லாரியில."

ரிங்லெட்டிலிருந்து எஸ்டேட் வாசல் நாலரை மைல். தொழிலாளர்களின் லயன் வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி இரட்டை முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுவார்கள். வெளியே கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தச் சோதனை நடக்கும்போது பேர் பதிவது தங்கவேலுவின் வேலை. வேலிக்கு வெளியே, மலை முழுக்கத் தேயிலை, வாரி வகிடெடுத்ததுபோல. அவ்வளவு அழகான இடத்தை அவ்வளவு கம்பிக்கு நடுவிலிருந்து அதன்பிறகு நான் பார்த்ததில்லை.

கிராணி குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. அவன் மனைவி பாக்கியம், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, பால் டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பாதிதாண்ணே வந்திருக்கு," என்றார். பிறகு நான் சங்கடப்படுவதைப் பார்த்து, "பாதிக்குப் பாதி வந்துச்சே, போன தடவ இவரு கொண்டாந்தது முழுக்க லாரிக்கே ஊத்திட்டாரு," என்று சேர்த்துக்கொண்டார்.

இரவு ஏழரைக்குக் காசு வந்தது. தீப்பெட்டிக்குள், இரண்டு சட்டைப் பொத்தான்களோடு. பொத்தான்களோடு! என் தட்டையும் பஞ்சையும் சீட்டுகளையும் நினைத்துக்கொண்டேன்.

போலி இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் பல நூறு வருடம் கிடந்த செம்பின்மேல் பச்சையாக ஒரு தோல் படியும். அந்தத் தோல் முழுசாக, ஒரே நிறமாக, கொழுந்துக்கும் முற்றலுக்கும் நடுவே இருக்கும் தேயிலை இலையின் பச்சையில் இருந்தது. தலைக்கவசத்தின் குஞ்சம் தெரிந்தது. தேவதையின் சிறகில் இறகுகளைத் தனித்தனியே எண்ணலாம். லண்டனிலிருந்து வந்த என் ஓநாய் இதற்குப் பக்கத்தில் செருப்பில் மிதிபட்டதுபோல் இருக்கும். கப்பலுக்குக் கீழே எழுத்துகள் இருந்தன, ஆனால் விளக்கு வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை. நாளை பகலில் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். எதையும் அன்றே எழுதிவைக்கும் நான், அதை மட்டும் ஏன் தள்ளிப்போட்டேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"எங்கே கிடைத்தது?"

"கருப்பாயி அக்கா குடுத்துச்சு. கொழுந்தெடுக்கிற அக்கா. அதோட அப்பன் ஊரு கரூரு. அமராவதி ஆத்து மணல்ல பொறுக்குனதாம். அம்மன் காசுன்னு மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருந்துச்சு."

"உனக்கு ஏன் கொடுத்தது?"

அவன் விளக்குத் திரியை ஏற்றினான். பாக்கியம் சொன்னார். கருப்பாயி அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் அட்டையில்லாமல் பிடிபட்டால் உள்ளே போக வேண்டியதுதான். தங்கவேலு இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்து, அதிகாரி முன்னால் நின்று, இந்த அம்மாவை எனக்குத் தெரியும், இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுப் புது அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அட்டை கைக்கு வந்த அன்று அவள் மஞ்சள் துணியை அவிழ்த்திருக்கிறாள்.

நானாக இருந்தால் அந்த நிலையத்தின் படி ஏறியிருக்கமாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தகுதியால் கிடைத்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சிகரெட் டின்னைத் திறந்து என் மூன்று காசுகளையும் வைத்தேன். "மூன்றுக்கு ஒன்று. மாற்றிக்கொள்வோமா?"

அவன் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மாத்துறதெல்லாம் வேணாம் லா. நமக்குள்ள என்னா யாவாரம்?" என்று தீப்பெட்டியை மூடினான். சாப்பிடப் போனோம். சாப்பாடு நன்றாக இருந்தது என்று நோட்டில் இருக்கிறது. எனக்கு நினைவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இந்த நாளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

காலை 5.40க்குத் தங்கவேலு வாசலுக்குக் கிளம்பினான். நான் தேநீர்க் கோப்பையோடு முன்வாசலில் நின்றேன். பனி முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பிச் சொன்னான்.

"வெள்ளிக்கெழம, பாக்கியம் வெளக்கு தொலக்கும். அந்தக் காசையும் புளியப் போட்டுத் தொலக்கச் சொல்லியிருக்கேன். பச்சப் பசேல்னு பாசி புடிச்சு கெடக்கு. ஒண்ணும் ஆவாதுல்ல? நீதான் படிச்சவன், சொல்லு."

அந்தப் பச்சைத் தோலைக் காசு சேர்ப்பவர்கள் தொடமாட்டார்கள். உருவமும் எழுத்தும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் அதை உரித்துவிட்டால், மிஞ்சுவது குழி விழுந்த செம்பு. என்னிடம் இருக்கும் காசு சேகரிப்புப் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே இது இருக்கிறது. வேண்டாம் என்ற ஒரு சொல் போதும்.

"பார்த்துப் போ, பனி," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் வெட்கத்தால் சொல்லவில்லையா, பயத்தால் சொல்லவில்லையா, இன்னொருவர் வீட்டு விஷயத்தில் தலையிடக்கூடாது என்ற என் சுபாவத்தாலா? மூன்றையும் எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் உண்மையில்லை. எனக்குக் கிடைக்காத காசு அவனிடமும் நல்ல நிலையில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு கணம்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மூன்றரை மணி நேரம் இருந்தது.

அந்த மூன்றரை மணி நேரத்தில் லென்ஸைத் துடைத்தேன். பகல் வெளிச்சம் நன்றாக வந்தது. அடித்த ஊரின் எழுத்துகளையாவது படித்துக்கொள்ளலாம் என்றால், காசைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பேச வேண்டும். பேசினால் உண்மை வந்துவிடும். நோட்டைத் திறந்து தாப்பாவிலிருந்து வந்த வளைவுகளைப் பற்றி எழுதினேன்.

9.10க்குப் பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போனேன். பாக்கியம் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, தட்டு, சொம்பு எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் ஊறிய புளியும் சலித்த சாம்பலுமாக உட்கார்ந்திருந்தார். காசு ஓரத்தில் ஒரு செங்கல்மேல் இருந்தது.

"அண்ணே, இதையும் போடவா? நீங்க அவ்ளோ தூரம் இதப் பாக்கன்னு வந்திருக்கீங்க. கேட்டுட்டுச் செய்யலாம்னு வச்சிருக்கேன்."

மூன்றாவது முறையாக எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. "அவன் சொன்னால் சரிதான்," என்றேன்.

அவர் கட்டைவிரலால் புளியை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்துத் தேய்த்தார். நுரை முதலில் பச்சையாக வந்தது, பிறகு பழுப்பாக வந்தது. சாம்பல் போட்டு இன்னொரு தேய். தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்து, வெயிலில் பிடித்தார். நேற்று அடித்ததுபோல் சிவப்பாக மின்னியது. "மொகம் எப்படி பளிச்சின்னு தெரியுது பாருங்கண்ணே," என்றார். முகம் தெரியத்தான் செய்தது. சிறகு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கப்பலுக்குக் கீழே, எழுத்துகள் இருந்த இடத்தில், அம்மைத் தழும்புபோல் நாலைந்து குழிகள்.

பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனோம். போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது: ஈரக் கொழுந்தின் வாசனை வேறு எங்கேயும் கிடைக்காது. தங்கவேலு சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் காட்டினான். நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம். கருப்பாயி அவள்தான்.

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கப்பன் காலத்துல இருந்து ஆத்தா மொகமே தெரியாம இருந்துச்சு கெராணி ஐயா. இப்பத்தான் தெளிஞ்சிருக்கா. யாரு தொலக்குனது?"

"பாக்கியம். இந்த வாத்தியாரு பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாரு."

"நல்லா இருக்கணும் சாமி," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்று அந்த மலையில் அந்தக் காசு கெட்டுப்போனது என்று அறிந்தவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை இறங்கும் வரிசை ரிங்லெட்டிலிருந்து ஒன்பது மணிக்கு. ஏழரைக்குப் புறப்படத் தயாரானேன். பாக்கியம் உள்ளேயிருந்து ஒரு பித்தளைத் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், நடுவில் காசு.

"எடுத்துக்க வாத்தியாரே," என்றான் தங்கவேலு. "லெட்டர் போட்டப்பவே உனக்குன்னு முடிவு பண்ணிட்டேன். மாத்திக்கலாமான்னு கேட்டப்போ சிரிப்பு வந்துருச்சு லா. அழுக்கோட குடுக்கக் கூடாதுன்னுதான் ஒரு நாளு லேட்டு."

"முந்தாநேத்தே உங்க மொகம் வாடிப்போச்சுண்ணே," என்றார் பாக்கியம். "பாவம், சொல்லிருங்கன்னேன். இவருதான் இருக்கட்டும் இருக்கட்டும்னாரு."

தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். நன்றி சொன்னேனா என்று நோட்டில் இல்லை. அவன் அந்த அளவு லேசாக ஒன்றைக் கொடுத்துவிட்டான். நான் என் மூன்று இரட்டைக் காசுகளையும் மூடிய டின்னோடு திரும்பக் கொண்டுபோனேன். அவற்றையாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

ரிங்லெட் சோதனையில் அதே கான்ஸ்டபிள். என் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துப் பார்த்தார். போகும்போது பழைய காசு என்றாய், இது புதுசாக இருக்கிறதே என்றார் மலாயில். நான் தலையாட்டினேன்.

இனி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போது கவச வண்டியும் வேண்டாம், ஓட்டை போட்ட டின்னும் வேண்டாம். தாப்பா வழி தானா ராத்தா சுமார் அறுபது கிலோமீட்டர், பழைய வளைவுகள் அப்படியேதான் இருக்கின்றன, வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழி அகலமானது, ஆனால் கோலா தெர்லா பக்கம் காய்கறி லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமை வேண்டும். சனி ஞாயிறு பிரிஞ்சாங் வேண்டாம். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க ஒரு கிலோமீட்டருக்குக் காரை வரிசையில் நிறுத்துகிறார்கள். செவ்வாய், புதன் நல்லது. தேயிலைச் சரிவைக் காலை எட்டுக்குள் பாருங்கள். ஒரு கம்பளிச் சட்டை போதும். எனக்கு இரண்டு தேவைப்பட்டன, ஆனால் நான் எதற்கும் இரண்டு வைத்துக்கொள்கிறவன்.

காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரே குறிப்பு. யாராவது துலக்கட்டுமா என்று கேட்டால், அது யாருடைய காசாக இருந்தாலும், உடனே வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முப்பது வருடம் கழித்துத் தங்கவேலுவும் பாக்கியமும் ஈப்போவில் என் வீட்டுக்கு ஒருமுறை வந்தார்கள். பாக்கியம் சமையலறையில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். தங்கவேலு மரத்தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். காசு அதற்குள் மங்கிப் பழுப்பாகியிருந்தது. அவன் சீட்டைப் படித்தான்.

"அடித்த ஊர்னு எழுதி காலியா விட்டிருக்கியே. உனக்குத் தெரியாததா?"

"எழுத்து போய்விட்டது. துலக்கியபோது."

"தொலக்குனா போவுமா?"

"போகும்."

அவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு காசைக் குழியில் வைத்து, விரலால் அழுத்தி உட்காரவைத்தான்.

"சொல்லியிருக்கலாமே லா," என்றான். "உன் காசுதானே."

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "இத பாக்கியத்துக்கிட்ட சொல்லிறாத. கெடுத்துட்டோமேன்னு மனசு விட்டுரும்."

அதனால்தான் இந்தப் பயணத்தை இத்தனை வருடம் எழுதவில்லை. தங்கவேலு போய் ஒன்பது வருடமாகிறது. பாக்கியம் சென்ற மாதம் காலமானார். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது பாக்கியத்தின் மனதைப் பற்றிய கவலை. நானாக இருந்தால் அப்படித் தோன்றியிருக்காது. காசு என் தட்டில்தான் இருக்கிறது. பொறாமை மட்டும் இன்னும் அவன்மேல்தான்.